பன்னிரண்டு நாள் அசையாத கை

புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் உதவியாளராக இருக்கிறேன். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன ஓர் அக்கா என் வார்டில் இருந்தார். கீரமங்கலம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர். பேச்சு குழறும், திட்டுவது மட்டும் தெளிவாக வரும்.

காலையிலும் மாலையிலும் அவருடைய தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிடுவது என் வேலை. மூட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் மெதுவாக அசைக்க வேண்டும். வலித்தால் நிறுத்த வேண்டும். அசைக்காமல் விட்டால் மூட்டு இறுகிவிடும். இருபது நிமிஷ வேலை.

தங்கையின் பிரசவத்துக்காகப் பன்னிரண்டு நாள் லீவு எடுத்தேன். திரும்பி வந்த காலையில் அந்தக் கை நெஞ்சோடு ஒட்டி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்தன. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து மெல்ல விரித்தேன். உள்ளே தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. நகம் குத்திய இடத்தில் புண். நாற்றம் முகத்தில் அடித்தது.

அக்கா என்னை முறைத்தார். "நீ எங்கடி போன?"

கட்டிலில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டு நாளும், காலை மாலை இரண்டு வேளையும், உடற்பயிற்சி செய்ததாக டிக். கையெழுத்து என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுடையது. அவளிடம் போய்க் கேட்டேன்.

"அந்தம்மா தொட்டாலே கத்துது. நான் என்ன செய்ய?" என்றாள்.

"கத்துனா கத்துச்சு, செய்யலன்னு எழுதியிருக்கணும். செஞ்சேன்னு எதுக்குப் போட்ட?"

"முப்பது பெட்ட ஒருத்தியா பாத்தேன். நீ லீவுல போயிட்ட. ஒனக்குப் பதிலா யாரப் போட்டாங்க?"

அதுவும் உண்மைதான். அதனால் என் கோபம் குறையவில்லை, மேலே ஏறியது. கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். அவர் சார்ட்டைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"பேப்பர் சரியா இருக்குங்க. கைதான் மடங்கியிருக்கு. வந்து பாருங்க."

அவர் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கணவர் பஸ் பிடித்து வந்தார். மனைவியின் கையில் புண்ணுக்குப் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்று அங்கே நின்றிருந்த கண்காணிப்பாளரிடம் கேட்டார். "நோயே அப்படித்தாங்க. கொஞ்சம் கொஞ்சமா இறுகத்தான் செய்யும்," என்றார் அவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"நோய் இல்லீங்க," என்றேன் கணவரிடம். "பன்னெண்டு நாளா யாரும் கைய அசைக்கல. அசைச்சதா எழுதி மட்டும் வச்சிருக்காங்க."

கணவர் சண்டைக்குப் போவார் என்று நினைத்தேன். போகவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "எப்பிடி அசைக்கணும்? எனக்குச் சொல்லிக் குடுங்க," என்றார். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டு நிற்க, கணவருடைய காய்த்துப்போன விரல்களை மனைவியின் முழங்கைக்கு அடியில் வைத்து, எங்கே தாங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினேன். அக்கா இருவரையும் திட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாளே என்னை வெளிநோயாளிகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் காரணம் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மாடி ஏறிப் போய்க் கையை அசைத்துவிட்டு வந்தேன். புண் ஆறியதும் கணவர் அக்காவை ஊருக்குக் கூட்டிப்போனார்.

சில மாதம் கழித்து அவர் போன் செய்தார். அக்காவுக்குத் தோளும் முழங்கையும் இறுக்கம் விட்டு மடங்கி நீள்கின்றனவாம். கட்டைவிரலாலும் பக்கத்து இரண்டு விரல்களாலும் டம்ளரைப் பிடிக்கிறாராம். கடைசி இரண்டு விரல் நிமிரவே இல்லையாம்.

"இதே பெரிசும்மா. நீங்க நல்லா இருக்கணும்," என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். லீவுக்குப் போகும்போது யாரிடமும் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள் நான் என்பதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் மேல் எனக்குள்ள அந்தக் கோபம் மட்டும் வேறு யார் மேலும் போகாமல் என்னிடமே இருக்கிறது.