பளபளத்து வந்த பம்பு ஷாஃப்டுகள்

பூச்சுத் தொட்டியிலிருந்து ஜிக் என்கிற கம்பிக் கொக்கியைத் தூக்கினேன். அதில் மாட்டியிருந்த ஷாஃப்டுகள் பளபளவென்று இருந்தன. அந்தத் தொட்டியிலிருந்து எதுவும் பளபளவென்று வரக் கூடாது.

கிண்டி எஸ்டேட்டில், இரும்புச் சாமான்களுக்கு உலோகப் பூச்சுப் போடும் ஒரு பிளேட்டிங் ஷாப்பில் வேலை செய்கிறேன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கம்போசிட் தொட்டியில் நிக்கல் கரைசலோடு சிலிக்கன் கார்பைடு பொடியும் மிதக்கும்; அது அடியில் படியாமல் ஒரு மோட்டார் கலக்கிக்கொண்டே இருக்கும். நிக்கல் இரும்பின் மேல் படியும்போது பொடியும் சேர்ந்து ஒட்டும். வெறும் நிக்கலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். உப்புத் தண்ணீர் அதன் வழியே இறங்கி, மேலே மின்னும்போதே அடியில் இரும்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும். பொடி சேர்ந்தால் அந்தத் துளைகள் அடைபடும். பூச்சும் மங்கிய சாம்பல் நிறத்தில் வரும்.

பம்புக்குள் சுழலும் அந்த ஷாஃப்டுகள் பஷீர் பாயுடையவை. ராயப்பேட்டையில் பம்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பெசன்ட் நகரில் ஓர் அபார்ட்மென்டில் பழைய ஷாஃப்டை உப்புத் தண்ணீர் அரித்துவிட்டது. இதுவும் போனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அந்த அபார்ட்மென்ட் செக்ரட்டரி அவரிடம் சொல்லியிருந்தார்.

சரக்கை எடுக்க வந்திருந்த பாய் ஒரு ஷாஃப்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னா நைனா, கண்ணாடி கணக்கா கீது. தலையே சீவிக்கலாம்."

நான் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆட்டோ நின்றது. பாயின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வந்துக்கினே கீறேன் சார்" என்று அதில் சொன்னார். ஷாஃப்டுகளைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார்.

"பாய், இது மின்னக் கூடாது" என்றேன்.

"மின்னாம? துரு புடிச்சா மாதிரி இருக்கணுமா?"

முதலாளி உள்ளேயிருந்து வந்தார். மயிலாப்பூர்க்காரர். "தாமு, விஜயதசமியும் அதுவுமா மொத லாட்டு சரக்கு. குறை சொல்லிண்டு நிக்காதே. அவருக்கு நேரமாறது."

ஒரு பிளாஸ்டிக் பைப்பை எடுத்துத் தொட்டியின் அடியில் குத்தினேன். ஈர சிமெண்டில் குத்தியதுபோல நின்றது. அழுத்திக் கிளறியதும் பச்சைக் கரைசல் கீழிருந்து சாம்பலாக மாறிக்கொண்டே வந்தது. முதல் நாள் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் நிறுத்தியதில் பொடியெல்லாம் அடியில் இறங்கி இறுகியிருந்தது. காலையில் மறுபடி மோட்டாரைப் போட்டபோது மேல் தண்ணீர்தான் சுழன்றிருக்கிறது.

"கலக்கற மோட்டாரையுமா நிறுத்தினோம்?" என்றார் முதலாளி.

"எல்லாத்தையும் நிறுத்திதான் சார் பொட்டு வச்சோம்."

பாய் ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அங்க ஜனங்க லாரித் தண்ணி புடிச்சிக்கினு கீறாங்கப்பா. செக்ரட்டரிக்கு நான் இன்னா சொல்றது?"

"இன்னிக்கு திட்டுவாங்க பாய். இதை மாட்டி, அது அரிச்சுதுன்னா, அப்புறம் உங்களைக் கூப்பிடவே மாட்டாங்க."

அவர் என்னையே பார்த்தார். அத்தனை நீளமாக நான் அவரிடம் பேசியதில்லை. பிறகு சாக்கைப் பிரித்து ஷாஃப்டுகளைக் கீழே வைத்தார்.

நிக்கலை உரித்து, பொடியைக் கலக்கி, மறுபடி பூச்சுப் போட்டு முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. மங்கலாக வந்த ஷாஃப்டுகளைப் பாய் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஷாப்பு போன் அடிக்கும்போதெல்லாம் என் கை நின்றுவிடும். பூச்சு எங்கேயாவது உரிந்திருக்குமோ, பாய் அந்த வேலையை இழந்திருப்பாரோ என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

மழைக்காலம் போய் வெயில் வந்த பிறகுதான் அவர் வந்தார். தோளில் ஒரு சாக்கு. "பக்கத்து பில்டிங்குக்கும் என்னையே சொல்லிட்டாரு செக்ரட்டரி. அதே அழுக்குக் கலர்ல போட்டுக் குடு நைனா."

இப்போது ஆயுத பூஜையன்று அந்த மோட்டாரை மட்டும் நாங்கள் நிறுத்துவதில்லை. அதன் ஸ்டாண்டில் பொட்டு வைத்துவிட்டு ஓட விடுகிறோம். மற்றபடி நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். சந்தேகம் வந்தால் சரக்கு கேட்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுங்கள். எனக்கு அன்று குரல் நடுங்கியது, நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன்.