பானா வரிசை

அவளுடைய உண்மையான பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. நாய்க் காப்பகத்தில் எல்லோருக்கும் அவள் பானா அக்கா. எங்கள் காப்பகத்தில், பிடித்து வருகிற நாய்களை இனத்தின் முதல் எழுத்தைப் பார்த்து வரிசையாக அடைப்பார்கள். டானாவில் டால்மேஷன், டாபர்மேன். லானாவில் லாப்ரடார். பானாவில்தான் கூட்டம்: பக், பூடில், பொமரேனியன், பாக்ஸர், பீகிள், புல்டாக், பாயிண்டர். அந்த வரிசையைக் கழுவி, தீனி போட்டு, பூட்டுவது பதினாறு வருடமாக அவள் வேலை. நான் வண்டிக்காரன். தெருவில் நாய் பிடித்துக் கொண்டுவந்து அவள் கையில் கொடுப்பவன். பெருமையான வேலை இல்லை, தெரியும்.

கடைசியில் இருப்பது கானா வரிசை. அங்கே கலப்பு நாய்கள். எந்த இனம் என்று சொல்ல முடியாத அத்தனையும் அங்கே போகும். இனத்து நாய்க்குப் பதினைந்து நாள் தவணை, கலப்புக்கு ஐந்தே நாள். அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் கடைசி அறை, ஊசி. யார் போட்ட சட்டமோ, போட்டவன் ஒருநாளும் கானா வரிசைக்குள் கால் வைத்திருக்க மாட்டான்.

அக்கா பெரிதாகப் படித்தவள் இல்லை. டாக்டர் அறைச் சுவரில் நாய்ப் படங்கள் போட்ட பழைய அட்டை ஒன்று தொங்கியது. அதில் பானா நாய்களை மட்டும் மூக்கு, காது, வால் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அதை வைத்துத்தான் தன் தில்லுமுல்லைத் தொடங்கினாள். நான் இறக்குகிற தெரு நாய்களில் ஒல்லியாக, புள்ளியோடு, நீண்ட மூக்கோடு எது இருந்தாலும் கூண்டில் மாட்டும் அட்டையில் 'பாயிண்டர்' என்று எழுதித் தன் வரிசையில் அடைத்துவிடுவாள். "பக்னு எழுதினா மூக்கே காட்டிக் கொடுத்துடும். பாயிண்டரை இந்த ஊர்ல எவன் பார்த்திருக்கான்?" என்பாள். வளர்க்க நாய் தேடி வருகிறவர்கள் கானா பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. அட்டையில் ஒரு பெயர் இருந்தால் போதும், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கூட்டிப் போவார்கள். அப்படி முப்பது நாய்களுக்கு மேல் தப்பித்திருக்கும். டாக்டருக்குத் தெரியாமல் இல்லை. கண்டும் காணாமல் இருந்தார்.

அன்றைக்கு அவள் வரிசையில் அப்படி ஐந்து பொய் அட்டைகள் இருந்தன. மூன்று பாயிண்டர், ஒரு பீகிள், ஒரு பாக்ஸர். பாயிண்டர்களில் ஒன்று பழுப்பு நிறம், மடங்கிய இடது காது. அதற்குப் பதினான்காவது நாள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடைசி அறை.

கானா வரிசைக்காரன் அன்று விடுப்பு. அவனுக்குப் பதிலாக அதைக் கழுவப் போன அக்கா குழாயைத் திறந்து போட்டபடியே ஓடி வந்தாள். கையில் அந்த வரிசைச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதம், அதில் ஒரு புகைப்படம். பழுப்பு நாய், மடங்கிய இடது காது. கீழே ஒரு தொலைபேசி எண்.

"இதை ஒட்டின ஆளை நீ பார்த்திருக்கியா?" என்று கேட்டாள்.

பார்த்திருந்தேன். பேருந்து ஓட்டுநர். இரண்டு நடைக்கு நடுவில், தினமும் பத்து மணிக்கு, காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். அவர் மனைவிக்கு ஒரு பக்கம் விளங்காமல் போய் இரண்டு வருடம் ஆகிறது. நாய் அந்த அம்மாவின் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்குமாம். நாய் போன நாளிலிருந்து அந்த அம்மா வாய் திறந்து ஒரு கவளம் வாங்குவதில்லை என்று என்னிடமே சொன்னார். இந்தப் படத்தையும் காட்டினார். வாரத்துக்கு நாற்பது நாய் பிடிக்கிறவனுக்கு எதன் முகம் ஞாபகம் இருக்கும்? ஒரு பார்வை பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அதைப் பிடித்து வந்தவனே நான்தான்.

வாசலில் பதிவேடு எழுதுகிற எழுத்தர் ஒவ்வொரு நாளும் என்ன இனம் என்று கேட்டிருக்கிறார். சும்மா கலப்புங்க என்று அவர் சொல்ல, கானா வரிசைக்கு அனுப்பியிருக்கிறார். நாயோ இரண்டு சுவர் தள்ளி, பானாவில், பாயிண்டராக இருந்தது. ஒன்பது நாள் வந்தவர் பத்தாம் நாள் நம்பிக்கை விட்டு நின்றுவிட்டார்.

அக்கா காகிதத்தை என்னிடம் நீட்டி எண்ணை அழுத்தச் சொன்னாள். என் தொலைபேசியில் அவரைப் பிடித்தாள். அன்றைய பதிவேடு மூடியாகிவிட்டது, அதனால் நாளைக் காலையில் எட்டரைக்கே வந்துவிடச் சொன்னாள். ஒன்றை மட்டும் மூன்று தடவை சொன்னாள்: இனம் கேட்டால் பாயிண்டர் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர் சொல்லும் இனமும் அட்டையில் உள்ள இனமும் ஒத்துப்போனால்தான் நாயை விடுவார்கள். நாய் திருடர்களைப் பிடிக்கப் போட்ட விதி அது.

மறுநாள் எட்டரைக்கு அவர் வந்தார். சொல்லிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பினார். ஒன்பது வரி, ஒன்பதிலும் 'கலப்பு', ஒன்பதிலும் ஓட்டுநரின் கையெழுத்து.

"ஒன்பது நாள் கலப்புன்னீங்க. இன்னைக்கு எப்படிங்க பாயிண்டர் ஆச்சு?"

பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது. எழுத்தர் டாக்டரைக் கூப்பிட்டார். நாய் பாயிண்டர்தான் என்றால் ஒன்பது நாள் கலப்பு கேட்ட இந்த ஆளுடையது அல்ல, கொடுக்கக் கூடாது; கலப்பு என்றால் கொடுக்கலாம், ஆனால் அட்டை பொய், அதனால் பானா வரிசையில் உள்ள எல்லா அட்டைகளையும் சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் பேசினார். எழுத்தர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று அவர் கழுத்தை நெரித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

டாக்டர் படத்தைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பதுக்கு ஐந்து நிமிடம். "நீ சொல்லும்மா. இது என்ன இனம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாயிண்டர் என்றால் இந்த நாய்க்கு ஒன்பது மணிக்கு ஊசி. கலப்பு என்றால் இது பிழைக்கும், மற்ற நான்கும் அம்பலமாகும். அவை ஐந்து நாளைத் தாண்டி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அக்கா தன் வரிசையின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்த நான்கும் தீனி வருகிறது என்று நினைத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தன. எதிரே காக்கிச் சட்டைக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

"கலப்பு" என்றாள்.

நாய் அவரோடு போனது. போகிற வழியெல்லாம் அவர் காலைச் சுற்றிச் சுற்றித் தடுக்கியது. எழுத்தர் உடனே அட்டைகளைப் பார்க்கக் கிளம்பினார். பத்து மணிக்குள் நான்கு அட்டைகள் மாறி, நான்கு நாய்களும் கானா வரிசைக்குப் போய்விட்டன. ஊசி இரண்டு மணிக்கு என்று பலகையில் எழுதினார்கள்.

அக்கா என் வண்டிக்கு வந்தாள். என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினாறு வருடத்தில் என்னிடம் அவள் ஒன்றும் கேட்டதில்லை.

"நாலையும் ஏத்திட்டுப் போய் எங்கயாவது விட்டுடுப்பா."

வெளியே போகிற வண்டியை வாசலில் திறந்து பார்ப்பார்கள் என்றேன். வேலை போய்விடும் என்றேன். எனக்கும் வீடு, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றேன். எல்லாம் உண்மைதான். உண்மையைச் சொல்லி இவ்வளவு கேவலமாக நான் ஒருநாளும் உணர்ந்ததில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "சரிப்பா, உன்னைச் சொல்லிக் குத்தமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மணிக்கு நான்கையும் அவளே கூட்டிப் போனாள். கானா வரிசைக்காரன் வேலை அது, ஆனால் அவள் விடவில்லை. ஒவ்வொன்றின் தலையையும் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள் என்று டாக்டர் பிறகு சொன்னார். மாலையில் வீட்டுக்குப் போனவள் சட்டியில் இருந்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தாளாம். அவள் மகள் எனக்குப் போன் செய்து, அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

வேலையை விட்டு நீக்கவில்லை. டாக்டர் எப்படியோ சமாளித்தார். ஆனால் இனி அட்டை எழுதுவது எழுத்தர்தான். ஒல்லியாக, புள்ளியோடு ஒன்றை இறக்கினால், அவள் அதன் மூக்கைப் பார்ப்பாள், குழாயைத் திறப்பாள், தன் வேலையைப் பார்ப்பாள்.

இரண்டு வாரம் கழித்து அந்த ஓட்டுநர் நாயோடு வந்தார். நாய் அவளை அடையாளம் கண்டு மேலே தாவியது. அவள் குனிந்து அந்த மடங்கிய காதைத் தடவிக் கொடுத்தாள்.

"வீட்ல சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள்.

"சாப்பிடறாங்கம்மா. உங்களைப் பார்த்து நன்றி சொல்லிட்டு வரச் சொன்னாங்க. அன்னைக்கு நீங்க அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலைன்னா ஒரு உயிர் போயிருக்கும்."

"ஆமாங்க. ஒரு வார்த்தைதான்" என்றாள் அக்கா. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், காலியாக இருந்த அந்த நான்கு கூண்டுகளையும் மறுபடி கழுவத் தொடங்கினாள்.