கரை வராத படகு

மீன் செதில் ஒட்டிய விரல்கள் தொட்டுத் தொட்டு, புதுப்பட்டினத்தில் டேவிட் அண்ணாத்த வைத்திருந்த கம்ப்யூட்டர் கடையின் கீபோர்டில் அம்புக்குறிகள் நான்கும் அழிந்தே போயிருந்தன. சூடேறிய பிளாஸ்டிக்கும் உப்புக்காற்றும் கலந்த அந்த அறையின் வாசனை இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடையில் நானும் சேகரும் தினம் காலையில் அங்கே உட்கார்ந்து ஒரே ஒரு "படகு கேம்" ஆடினோம். சிடியின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் "போட்" என்று எழுதியிருக்கும். எல்லா சிடியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். அசல் என்று ஒன்று உண்டு என்பதே எங்கள் குப்பத்தில் யாருக்கும் தெரியாது. சாம்பல் நிறக் கடலில் ஒரு சின்னப் படகு, கொஞ்ச நேரத்தில் பனிமூட்டம்; தொடக்கத்தில் காட்டுகிற கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

சேகருக்கு அது வெறும் ஆட்டமில்லை. ஜூனில் நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போவேன், அவன் அவனுடைய அப்பாவின் படகில் ஏறுவான் என்று முடிவாகிவிட்டது. அதற்குள் அந்த விளக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். பனியில் கரை தெரியாவிட்டால் அலை போகிற பக்கம் படகைத் திருப்புவது எங்கள் ஆட்களின் வழக்கம். திரையிலும் அவன் அதையே செய்தான்; பனி விலகவே இல்லை, விளக்கும் வரவில்லை. வேறு ஊர்ப் பையன்கள் கேம் கெட்டுப்போச்சு என்று எழுந்து போயிருப்பார்கள். எங்களுக்கோ கடல் என்றால் அப்படித்தான். வீட்டுக்கு மணலில் நடக்கும்போது வானமும் நீரும் ஒரே நிறமாகி, எது திரை எது கடல் என்று தெரியாமல், விளக்கு எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் என்னைக் கூப்பிட வந்த என் நைனா வாசலில் நின்று பார்த்தார்.

"அலய தொட்டுகினு போடா சேகரு, கர வராம எங்க பூடும்?"

"அப்டித்தான் போய்கினு கீறேன் மாமா, வரவே மாட்டுது."

"அப்ப உனக்குத் தெச வரல. இவன் கைல என்ஜின குடுத்துடாதன்னு உங்கப்பன்கிட்ட சொல்லி வெக்கணும்."

கடையே சிரித்தது. சேகர் சிரிக்கவில்லை. படகேறிய பிறகும் வருஷக்கணக்காக அவன் என்ஜின் பக்கமே போகாமல் வலை இழுத்தான். கேட்டால், "எனக்குத் தெச வராது" என்பான்.

எங்கள் வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்குப் போனவன் நான். கூடுவாஞ்சேரியில் என் அறைத்தோழன் அதே கேமை அசல் சிடியில் ஆடினான். கால் மணி நேரத்தில் பனி விலகி விளக்கு தெரிந்தது. நகல் என்றால் பனி விலகவே விலகாது, செய்தவர்களே வைத்த பூட்டு அது என்று சாதாரணமாகச் சொன்னான். உடனே சேகருக்கு போன் போட்டுச் சொன்னேன்.

"அப்ப நான் தப்பா ஓட்டலயா, மச்சான்?"

இன்று திருப்போரூர் பக்கம் ஒரு சின்ன அலுவலகத்தில் நான் கேம் எழுதுகிறேன். எங்கள் முதல் கேமும் பனியில் படகோட்டுவதுதான்; அதற்கும் அப்படியொரு பூட்டு வைக்கச் சொன்னார்கள். கேட்டதில் தவறில்லை, உழைத்தவன் சாப்பிட வேண்டும். ஆனால் அந்தப் பழைய படகு கேமின் பூட்டு எங்களை ஓர் அசல்கூட வாங்க வைக்கவில்லை. திருட்டு என்றே தெரியாத ஒருவனைத் தன் கையையே நம்பாதவனாக்கியது, அவ்வளவுதான். பூட்டுக்குப் பதில், நகலில் முதலிலேயே தெரிகிற மாதிரி ஒரு வரி போட்டேன்: "இது நகல். முடிந்தபோது அசல் வாங்குங்கள்." பனி எல்லோருக்கும் விலகும். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

டேவிட் அண்ணாத்த கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. சிடி என்றால் என்னவென்று சேகரின் மகளுக்குத் தெரியாது. போன ஞாயிறு அந்தக் கடை பெஞ்சில், வேண்டுமென்றே எங்கள் கேமின் நகல் ஒன்றைப் போனில் போட்டு சேகரிடம் கொடுத்தேன். இப்போது சொந்தப் படகில் என்ஜின் பிடிக்கிற கை அது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். பனி மூடியதும் அலை போகிற பக்கம் படகைத் திருப்பினான்.

"கர வந்துடுச்சுடா" என்றான், தலை நிமிராமலே.