ஒரு வருடத்துக்கு ஒரு டெப்

வெள்ளவத்தைக் கடையொன்றில், புத்தகம் வாசிப்பதற்கு மலிவான டெப் கணினி ஒன்று தேடிக்கொண்டிருந்தபோது அவரைக் கண்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி. இடது கண்ணைக் கையால் பொத்தியபடி, விலை குறைந்ததிலும் கூடியதிலும் ஒரே பக்கத்தை மாறிமாறி வாசித்தார். மலிவானதில் எழுத்து மங்கல்.

"கூடினதை எடுங்கோ ஐயா, அஞ்சு வருஷம் பாவிக்கலாம்," என்றேன்.

"கண் டொக்டர் என்ர பார்வைக்கு ஒரு வருஷம்தான் சொன்னவர், தம்பி."

"அப்ப மலிவானது போதுமே," என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

"இல்லைத் தம்பி. ஒரு வருஷம்தானே, வடிவாத் தெரியட்டும்." விலை கூடியதை வாங்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார்.

மலிவானதை நான் வாங்கினேன். இரண்டு வருடமாகிறது. அவருக்குச் சொன்ன கெடு முடிந்திருக்கும். நான் இன்னும் அதில் ஒரு புத்தகம்கூட முடிக்கவில்லை.