காலி என்று நினைத்த டிஸ்க்

ராயபுரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தபோது நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பக்கத்துத் தெரு மும்தாஜ் அக்கா ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்தார். கப்பலில் வேலை பார்த்து இறந்துபோன கணவருடையது. “அவரு பேசி அனுப்புனதெல்லாம் இதுல கீது தம்பி. எடுத்துக் குடு,” என்றார்.

அதை என் லினக்ஸ் மெஷினில் மாட்டினேன். மெமரி போதாத மெஷின் அது. காப்பி எடுக்குமுன், மெஷினிலேயே இருந்த இன்னொரு காலி டிஸ்க்கை ஸ்வாப் ஆக்கிவிட்டால் மெமரி நிரம்பும்போது அங்கே எழுதிக்கொள்ளும் என்று கட்டளை கொடுத்தேன். டிஸ்க்கின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்துவிட்டேன். மெஷின் எதுவும் கேட்கவில்லை. டிஸ்க்கின் சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கியது. வேகம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் வேறு வேலை பார்த்தேன்.

பிறகுதான் கவனித்தேன். காலி டிஸ்க் காலியாகவே இருந்தது. அதுவரை மெஷின் எழுதியதெல்லாம் அக்காவின் டிஸ்க்கின் மேல்.

மாலையில் வந்தார். “இன்னா தம்பி, அவரு கொரலு கெட்ச்சிதா?”

“டிஸ்க் முன்னாடியே கெட்டுப்போயிருக்குக்கா.”

டிஸ்க்கை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். “இவ்ளோ நேரம் பாத்தியே, நீ நல்லா இருப்ப,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரம்ஜானில் எனக்கும் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி அனுப்பினார். வாங்கிக் குடித்தேன். இன்றும் தெருவில் என்னைப் பார்த்து அவர் சிரிக்கும்போதெல்லாம், பதிலுக்குச் சிரித்து அந்தப் பொய்யை மறுபடியும் சொல்கிறேன்.