காடிக்குள் பூசிய கறுப்பு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி தொங்குகிறது. பழைய தேக்குச் சட்டம். நாலு மூலையும் ஒட்டிப் பிறந்தது போலச் சேர்ந்திருக்கும்; நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாலும் இணைப்பு எங்கே என்று நகத்துக்குத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள், "இத எங்க வாங்கனீங்க?" என்று கேட்காமல் போவதில்லை. "நாங்க ரெண்டு பேரு செஞ்சது" என்பேன், கொஞ்சமும் கூசாமல். அதில் என் பங்கு ஒன்றே ஒன்றுதான். இருக்கவேண்டிய உயரத்தைவிட அந்தக் கண்ணாடி ஒரு விரற்கடை குட்டை. அந்த ஒரு விரற்கடை என் கைங்கரியம்.

மற்ற எல்லாம் என் தங்கை வீட்டுக்காரருடையது. எனக்கு ஊர் பண்டசோழநல்லூர், அவருக்கு வில்லியனூர். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தோம். அந்தப் பழக்கத்தில்தான் தங்கையைக் கொடுத்தேன். முதல் நாள் வரை "டேய்" போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர்கள், தாலி ஏறிய மறுநாளிலிருந்து "வாங்க மாப்ள", "சொல்லுங்க மச்சான்" என்று ஆகிவிட்டோம். நல்ல சிநேகிதனை இழந்து ஒரு மாப்பிள்ளையைப் பெற்றேன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். வேலைக்குப் போகத் தோதாக இருக்கும் என்று அவர் எங்கள் தெருவிலேயே வாடகைக்கு வந்ததும், வீட்டோடு மாப்பிள்ளை என்பதற்கு என்ன பெயரோ, தெருவோடு மாப்பிள்ளைக்கும் அதுதானே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கவே மாட்டார். சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் காதில் சொருகியிருக்கும் பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்துவிடுவார். அதை நான் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்கப்புறம் ஒரு பென்சில் ஒரு வாரம் தாங்கவில்லை.

மாடுகளை விற்ற பிறகு எங்கள் தோட்டத்துக் கொட்டாய் சும்மா கிடந்தது. வார லீவு நாட்களில் அங்கே சட்டம் போடத் தொடங்கினோம். குடும்பப் படம், சாமி படம், சலூன் கண்ணாடி என்று தேடி வந்து கொடுப்பார்கள். இழைப்பது, அறுப்பது, சேர்ப்பது எல்லாம் அவர். தூளை ஊதுவது, டீ வாங்கி வருவது, வந்தவர்களிடம் தொழில் நுணுக்கம் பேசுவது நான். ஒருமுறை ஆசைப்பட்டு நானே ஒரு சட்டம் போட்டேன். மூன்று மூலை அருமையாக அமைந்தது. நாலாவது மூலையில் பல்லி ஒன்று நிம்மதியாகக் குடித்தனம் நடத்தலாம். ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரிதான் தப்பு. ஆனால் நாலு கட்டைக்கு வெட்டு எட்டு. "மூணு மூலைய யாரு வேணா சேக்கலாம் மச்சான். நீங்க பண்ண தப்பெல்லாம் நாலாவதுல வந்து ஒக்காந்துக்கினு இருக்கும்" என்றார். "காத்தோட்டமா இருக்கட்டும்னு வுட்டேன் மாப்ள" என்றேன். பென்சில் காதிலிருந்து இறங்கியது.

அவரிடம் டேப் இருந்தது, ஆனால் அதை நம்ப மாட்டார். ஒவ்வொரு கண்ணாடிக்கும் அதன் நீளத்துக்கு ஒரு குச்சி நறுக்கி, அதில் பெயர் எழுதி வைத்துக்கொள்வார். குச்சியை மரத்தின் மேல் வைத்துக் கோடு கிழித்து அறுப்பார். "டேப்பு நெளியும், கண்ணு ஏமாத்தும். குச்சி பொய் சொல்லாது" என்பார். இன்னொரு பிடிவாதம் கறுப்பு. சட்டத்தின் உள்பக்கம் கண்ணாடி உட்காருவதற்கு ஒரு பள்ளம் வெட்டுவார்கள், அதற்குக் காடி என்று பேர். படத்துக்கு என்றால் காடியை அப்படியே விட்டுவிடலாம். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மட்டும் காடி முழுக்க இரண்டு கை கறுப்பு பூசியாகவேண்டும். யாருக்கும் தெரியாத இடத்துக்கு எதற்கு இந்த அலங்காரம் என்று கேட்டேன். "போட்டோ பின்னாடி பாக்காது மச்சான். கண்ணாடி பாக்கும்" என்றார். பூசாமல் விட்டால், சாய்ந்து பார்க்கிறபோது சட்டத்தின் முதுகில் இருக்கிற வெறும் மரம் கண்ணாடிக்குள் கோடாகத் தெரியும். அப்படி ஒரு கோடாவது அவர் வேலையில் கண்டுபிடித்துக் காட்டிவிடவேண்டும் என்று ஒவ்வொரு கண்ணாடியையும் கழுத்தைத் திருகித் திருகிப் பார்ப்பேன். ஒருநாளும் கிடைத்ததில்லை.

கடைசியாகச் செய்த சட்டம் அவருக்கே. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் முகம் மழித்த கனத்த கண்ணாடி ஒன்று வில்லியனூர் வீட்டில் இருந்தது. அதன் சட்டத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வீட்டை இடித்தபோது கிடைத்த வாசல்கால் தேக்கில் நல்லதாக ஒரே ஒரு துண்டுதான் தேறியது. சரியாக ஒரு சட்டத்துக்கு மட்டும். அப்பாவின் கண்ணாடி, அப்பாவின் வாசல்கால். அவர் மூன்று வாரம் அந்த மரத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்தார். இவ்வளவு பயபக்தியைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்குக் கை சும்மா இருக்குமா? அவர் நறுக்கி வைத்திருந்த நீளக் குச்சியில் ஒரு விரற்கடையை வெட்டி எடுத்துவிட்டேன். அவர் கோடு கிழித்து ரம்பத்தைத் தூக்கும்போது, "நில்லுங்க மாப்ள, குச்சி பொய் சொல்லுது!" என்று குதிக்கவேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

அன்றைக்கு மத்தியானம் கம்பெனியில் ஒரு ஆள் வரவில்லை என்று வேனை அனுப்பி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் நினைவு வந்தது. போன் அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். கொட்டாயில் இருக்கும்போது அவர் போனை எடுக்க மாட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அறுத்த சட்டங்களைத் தரையில் பரப்பி, நடுவில் அப்பாவின் கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டத்துக்கு வெளியே கண்ணாடி ஒரு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது.

"குச்சி பொய் சொல்லிடுச்சி மச்சான்" என்றார்.

"நாந்தான் மாப்ள. சிரிக்கலாம்னு..." என்றேன்.

"சரி, சிரிங்க" என்றார்.

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்திச் சண்டையாக்கி, சண்டையைச் சிரிப்பாக்கி, எப்படியாவது தேற்றியிருப்பேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அவர் கத்தவில்லை. வேறு மரமும் இல்லை. அதனால் கண்ணாடியைக் கடைக்கு எடுத்துப் போய், அப்பா முகம் பார்த்த கண்ணாடியில் அடிப்பக்கம் ஒரு விரற்கடை வெட்டிக்கொண்டு வந்தார். பக்கத்திலேயே நின்றேன். கடைக்காரர் கோடு கிழித்துத் தட்டியபோது வந்த சத்தம் சின்னதுதான். மாப்பிள்ளையின் கண் மட்டும் அந்த நேரம் ரோட்டுப் பக்கம் திரும்பியிருந்தது.

அப்பாவின் பட்டாளத்துச் சேவையைக் காட்டி அவர்கள் எழுதிப் போட்டிருந்த, பிரான்சுக்குப் போகிற காகிதங்கள் அந்த மாதமே வந்துவிட்டன. ஏழெட்டு வருஷமாக வராதது, பார்த்து அந்த நேரம் வந்தது. கடைசி வாரம் கொட்டாய்க் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார். எட்டிப் பார்த்தால், "கறுப்பு காயணும், உள்ள வராதீங்க" என்பார். கிளம்புவதற்கு முதல் நாள் கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "பிளேன்ல இத ஏத்த மாட்டான். உங்க வூட்லயே இருக்கட்டும்." நன்றாக இருக்கிறது மாப்ள என்றேன். "நல்லா பாருங்க" என்றார். தினமும் உன் மூஞ்சியைப் பார்த்துக்கொள், யார் செய்த வேலை என்று தெரியும் என்கிறார், என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

எட்டு வருஷம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோவில் பேசுவார்கள். தங்கை முகம் தெரியும். அவர் போனைப் பிடித்தால் நெற்றி மட்டும் தெரியும். அங்கே ஏதோ குடோனில் வேலை. நாலாவது மாடியில் வீடு. ரம்பம் வைக்க இடமில்லை, சத்தம் போட்டால் கீழ்வீட்டுக்காரி வந்துவிடுவாளாம். ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, கரும்பு வெட்டியாயிற்றா என்றெல்லாம் கேட்டுவிட்டு, முடிக்கும்போது தவறாமல் ஒன்று கேட்பார். "கண்ணாடி எப்டி இருக்கு மச்சான்?" எனக்குச் சுருக்கென்றிருக்கும். "இருக்கு மாப்ள" என்று சொல்லிப் போனை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவேன். வாயால் பிழைக்கிறவன், மன்னித்துவிட்டீர்களா என்று இரண்டு வார்த்தை கேட்கத் துப்பில்லாமல் எட்டு வருஷம் ஓட்டினேன். கொட்டாயில் தூளை ஊத யாரும் கூப்பிடவில்லை. பென்சில் சீவுகிற சத்தத்துக்குக் காது ஏங்கும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

போன பொங்கலுக்குச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். கண்ணாடியைக் கழற்றத் தைரியமில்லை. கீழே சொட்டியிருந்ததைச் சுரண்ட அதன் அடியில் உட்கார்ந்து, கழுத்து வலித்ததால் தலையைச் சுவரில் சாய்த்து மேலே பார்த்தேன். மேல் சட்டத்தின் முதுகு கண்ணாடிக்குள் தெரிந்தது. கறுப்புக்கு நடுவே வெளுப்பாக, வெறும் மரம்! மாப்பிள்ளை கோட்டை விட்டுவிட்டார்! எட்டு வருஷத்துத் துக்கமும் ஒரு நொடி மறந்துபோனது. "ஏ, டார்ச்ச எடு, டார்ச்ச எடு" என்று வீட்டுக்காரியைக் கூவினேன்.

டார்ச்சை அடித்துப் பார்த்தால் அது கோடில்லை. கறுப்பு காய்ந்த பிறகு ஊசி முனையால் கீறிய எழுத்து, ஒவ்வொன்றும் அரிசி அளவு. கண்ணாடிக்குள் நேராகத் தெரியவேண்டுமென்று மரத்தில் அத்தனையையும் இடவலம் மாற்றி எழுதியிருக்கிறார். ஒரு கொம்பு கூடப் பிசகவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

"இன்னா தேடுறீங்க மச்சான்?"

"இன்னாத்துக்கு இப்டி ஒக்காந்துக்கினு அழுவுற?" என்றாள் வீட்டுக்காரி. பெயிண்ட் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அந்த ஞாயிறு வழக்கம்போல நெற்றி வந்தது, ஏரி வந்தது, கரும்பு வந்தது. "கண்ணாடி எப்டி இருக்கு மச்சான்?"

"இன்னும் தேடிக்கினுதான் இருக்கேன் மாப்ள" என்றேன்.

நெட் போய்விட்டதோ என்று போனை ஆட்டிப் பார்த்தேன். பிறகு நெற்றி மெல்ல விலகி முழு முகமும் தெரிந்தது. நிறைய நரைத்திருந்தார். வலது கை தானாக எழுந்து காதோரம் போய்த் துழாவியது. அங்கே பென்சில் இல்லை. கை அங்கேயே நின்றது. பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது, "இன்னா தேடுறீங்க?"

இப்போதெல்லாம் காலையில் முகம் மழிக்க வந்தால் முதலில் கண்ணாடிக்கு அடியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். "ஊர்ல எல்லாரும் கண்ணாடிக்கு முன்னாடி நிப்பாங்க, இவுரு அடியில பூந்துக்கறாரு" என்று வீட்டுக்காரி தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். அங்கிருந்து பார்த்தால் என் முகம் தெரிவதில்லை. அவர் கையெழுத்து மட்டும் தெரிகிறது.