சென்றி வரை நாலு நிமிஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது சொன்னால் வெட்கம் இன்னும் கூடும். யுத்தக் காலத்துக் கொழும்பில், எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த இராணுவச் சென்றியை, அதாவது காவலரணை, மணல் மூட்டை, துவக்கு, ஆள் எல்லாம் சேர்த்துப் படமாகக் கீறி, அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு, நேராக அதே சென்றிக்கு நடந்து போன தமிழன் நான். அப்போது எனக்கு வயது ஐம்பத்தாறு. முப்பது வருடம் கந்தோரில் பைல் பார்த்தவன். புத்தி வருவதற்கு இதற்கு மேல் எவ்வளவு அவகாசம் கொடுப்பது?

நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்து மூன்று கிழமை முடியவில்லை. காலிலிருந்து ஒரு நரம்பை உருவி இதயத்தில் வைத்து, பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வெட்டியவர் டொக்டர். ஆனால் நான் பயந்தது பிசியோ செய்த பிள்ளைக்கு. கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கழுத்தில் சின்னச் சிலுவை, குரல் மட்டும் துறைமுகத்தில் சங்கு ஊதுகிற மாதிரி. ஒபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே கட்டிலடிக்கு வந்து நின்றாள்.

"அங்கிள், எழும்புங்க. நடக்கணும்."

"மகள், முந்தநாள்தான் என்னை ரெண்டாப் பிளந்தவை."

"அதுதான் திருப்பி ஒட்டியாச்சே. எழும்புங்க."

அவளுடைய சட்டங்கள் சில. ஆறு கிழமைக்குக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, எலும்பு விலகிவிடும். நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற பெல்ட்டைக் கழற்றக் கூடாது. இருமல் வந்தால் அடக்கக் கூடாது. தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாக இரும வேண்டும். ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும். புறப்பட்ட நேரம், நடந்த நிமிடம், நின்றதும் நாடித்துடிப்பு, மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிவந்து காட்ட வேண்டும்.

நான் வெள்ளவத்தை வீட்டுக்குத் திரும்பி வந்து செய்தது என்னவென்றால், வருகிறவர்களுக்கெல்லாம் தையலைக் காட்டிக் கதை சொன்னது. இருமினால் உயிர் போகிற நோவு, ஆகவே இருமலைக் கள்ளத்தனமாக விழுங்கினேன். நடை, ஹோலுக்குள் கதிரையிலிருந்து கதிரைக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை கிளினிக்கில் அந்தப் பிள்ளை எக்ஸ்ரே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்த வெள்ளை தெரியுதா? இடது சுவாசப்பையின் அடி மடங்கிக் கிடக்குது. சளி. நீங்க இருமவும் இல்ல, நடக்கவும் இல்ல."

"நடக்கிறனான், மகள்."

"எங்க?"

"ஹோலுக்கை."

"அடுத்த வெள்ளிக்கிழமை வந்து எனக்கு முன்னால நிக்காம பத்து நிமிஷம் நடந்து காட்டணும். படமும் எடுப்போம். இப்படியே இருந்தா டொக்டர் தொண்டைக்குள்ளால குழாய் விட்டுத்தான் சளி எடுப்பார். திரும்ப வார்ட்டுதான்."

குழாயின் தடிப்பைச் சின்னவிரலால் காட்டினாள். எனக்கு அங்கேயே இருமல் வந்தது. விழுங்கிவிட்டேன்.

சனிக்கிழமையே நடக்கத் தொடங்கினேன். எங்கள் ஒழுங்கையின் ஒரு முனையில் மதில், மறுமுனையில் காலி வீதி என்கிற பெருந்தெரு. காலி வீதி முனையில் சென்றி. வீட்டுக் கேற்றிலிருந்து சென்றிக்கு முன்னால் நிற்கும் ஜாம்பழ மரம் வரை என் கால்களுக்கு நான்கு நிமிடம். திரும்பி வர நான்கு. ஆக எட்டு. மற்ற இரண்டு நிமிடமும் சென்றிக்கு அப்பால் இருந்தது. கடந்து போனால் ஒரு நிமிடத்தில் பாமசி. அதற்கும் அப்பால் நடந்துகொண்டே போனால் பாலத்தடியில் பெரிய சோதனைச் சாவடி, எங்கள் சென்றிக்குப் பெரியப்பா முறை.

மரத்தடியில் திரும்பி இரண்டு தடவை போய் வரலாமே என்று கேட்பீர்கள். நானும் யோசித்தேன். சென்றிக்கு முன்னால் ஒருவன் மாறி மாறி நடந்தால் சந்தேகம் வராதா? ஆகவே ஒரே தடவைதான் போனேன். போய், மரத்தடியில் நின்று, மணிக்கூட்டைப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணி, கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டு திரும்பினேன். ஐந்து நாள், ஒரே நேரத்தில். அது சந்தேகம் வராத நடை என்று எனக்கு நல்ல நம்பிக்கை.

வெறும் இலக்கங்களாக இருந்தால் பிள்ளைக்கு அலுக்குமே என்று ஒரு பக்கத்தில் வழியையும் கீறினேன். வீடு, கடி நாய் இருக்கிற வீடு, ஜாம்பழ மரம், சென்றி. ஒவ்வொன்றுக்கும் எத்தனை அடி என்ற கணக்கும். ஆமிக்காரனுக்கு மீசை வைத்தேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "கொப்பியிலை என்னத்தைக் கீறுறியள்?"

"அந்தப் பிள்ளை ஒருநாளும் சிரிக்கிறேல்லை. சிரிக்கப் பண்ணப்போறன்."

"ஆர் சிரிக்கினமெண்டு பாப்பம்."

வியாழக்கிழமை வந்துவிட்டது. மறுநாள் கிளினிக். என் கணக்கு இன்னும் எட்டு நிமிடத்தில் நின்றது. இன்றைக்குச் சென்றியைக் கடப்பதென்று முடிவெடுத்தேன். நான் கேற்றைத் தாண்டும்போதெல்லாம் மனைவி "ஐசி எடுத்தாச்சோ?" என்று கேட்பாள்; அந்த நாட்களில் தமிழ் வீடுகளில் போயிட்டு வாங்கோ என்பதற்குப் பதில் அதுதான். அன்று அவள் குளித்துக்கொண்டிருந்தாள். என் ஐசி, அதாவது அடையாள அட்டை, காற்சட்டைப் பையில் இருந்தது. நான் சாரத்தில் இருந்தேன்.

சென்றியில் வழக்கமான ஆள் இல்லை. புதிதாக இரண்டு பேர். அந்தக் கிழமை நகரத்தில் ஏதோ வெடித்திருந்தது. உடம்பில் எதையாவது கட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றித்தான் எல்லோருக்கும் கதை.

"கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்றான் ஒருவன்.

முப்பது வருடக் கந்தோர்ச் சிங்களம் அந்த நிமிடம் லீவு எடுத்துக்கொண்டது. "நடக்க" என்றேன்.

"ஐடென்டிட்டி?"

சாரத்தைத் தடவினேன். சாரத்துக்குப் பை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்த மாதிரி ஒரு முகம் காட்டினேன்.

"அத உஸ்ஸன்ன."

கையைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன், தோள்மட்டம் வரை. இன்னும் தூக்கு என்று துவக்கு முனையால் காட்டினான். ஒரு காதில் அவன், மறு காதில் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. ஏலாது, ஒபரேஷன் செய்தது என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவன் நம்பினானோ தெரியாது. கிட்ட வந்து தடவினான். முதுகு, இடுப்பு, நெஞ்சு.

நெஞ்சில் அவன் கை நின்றது.

சட்டைக்குள்ளே பெல்ட். தடிப்பாக, விறைப்பாக, என்னைச் சுற்றி இறுகக் கட்டியபடி. அவன் முகத்தைப் பார்த்தேன். இருபது வயது இருக்கும். என்னைவிட அவன்தான் கூடப் பயந்தான், பயந்தவனிடம் துவக்கு இருந்தது. இரண்டு பேரும் பின்னால் போனார்கள். ஒருவன் உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். மற்றவன் துவக்கை என் நெஞ்சுக்கு நேரே பிடித்தான். அசையாதே என்றான். காலி வீதியில் போய்க்கொண்டிருந்தவர்கள் மறுபக்கத்துக்கு மாறினார்கள்.

அப்போதுதான் எனக்கு இருமல் வந்தது.

இத்தனை நாளும் விழுங்கிய இருமல் எல்லாம் சேர்ந்து வந்தது. இருமுவதென்றால் நெஞ்சைக் கட்டிப்பிடிக்க வேண்டும். நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனால் அவன் சுட்டுவிடுவான். பிடிக்காமல் இருமினால் கம்பி விடும். இருமலாமா என்று கண்ணால் கேட்டுப் பார்த்தேன். இராணுவத்திடம் அதற்கு அனுமதி கேட்டவன் நானாகத்தான் இருப்பேன். கண்ணில் தண்ணீர் வந்தது. தொண்டை எரிந்தது. கைகளைத் தோள்மட்டத்திலேயே வைத்திருந்தேன். எண்ணத் தொடங்கினேன். ஒன்பது வரை வந்தேன்.

பத்தில் தாங்கவில்லை. கைகளை விரித்தபடியே பக்கத்தில் இருந்த மணல் மூட்டை அடுக்கில் நெஞ்சைக் கொண்டுபோய் அழுத்தி இருமினேன். பின்னால் ஏதோ இரும்பு கிளிக் என்றது. நான் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து ஐந்தாறு தரம். சளி வந்தது. மணல் மூட்டைக்காரர் மன்னிக்க வேண்டும்.

ஒன்றும் வெடிக்கவில்லை. எனக்கும் அது நல்ல செய்திதான்.

உள்ளேயிருந்து அவர்களுக்கு மேலதிகாரியான சார்ஜன் வந்தார். நரைத்த தலை, பொறுமையான ஆள். ஒரு கையால், மெதுவாக, பொத்தானைக் கழற்று என்றார். பெல்ட்டை இழுத்ததும் அது சர்ரென்று சத்தம் போட, அந்தப் பெடியன் திரும்பவும் துவக்கைத் தூக்கினான். பிறகு எல்லோரும் என் தழும்பைப் பார்த்தார்கள். கழுத்தடியிலிருந்து வயிறு வரை, இன்னும் காயாத சிவப்புக் கோடு. பெடியன் முகத்தைத் திருப்பினான். எனக்கு மூச்சு வந்தது.

சார்ஜன் என் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

வந்த மூச்சு திரும்பப் போனது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஏழு பத்து, ஏழு பதினான்கு, தொண்ணூற்றாறு. ஐந்து நாளாக அதே நேரங்கள். பிறகு படம். அதை நெடுநேரம் பார்த்தார். சென்றியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார்.

"இதை யார் எழுதச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"ஆஸ்பத்திரி மிஸ்."

"படத்தையும்?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அது என் சொந்தப் புத்தி.

மர வாங்கில் இருத்தினார்கள். கொப்பி மட்டையில் வார்ட்டின் தொலைபேசி இலக்கம் இருந்தது. பக்கத்துக் கொமியூனிகேஷன் கடை, காசு கொடுத்துப் போன் பேசுகிற இடம், எட்டரைக்குத்தான் திறக்கும். அதுவரை துவக்கோடு ஒருவன் எனக்கு முன்னால். மிஸ் இன்று லீவாக இருந்தால்? என்னைத் தெரியாது என்றுவிட்டால்? நாளைக்குக் கிளினிக் வாசலில் என் பெயரைக் கூப்பிடும்போது நான் எந்தக் கம்பிக்குப் பின்னால் இருப்பேன்?

இடையில், யாரோ போய்ச் சொல்ல, மனைவி ஓடிவந்தாள். ஒரு கையில் என் அடையாள அட்டை, மறுகையில் இருமல் தலையணை. தலையணையையும் அமுக்கிப் பார்த்துத்தான் விட்டார்கள். கொப்பி சார்ஜன் கையில் இருப்பதைக் கண்டாள்.

"ஐசியை விட்டிட்டுப் படத்தைக் கொண்டந்தனீங்களோ?" என்றாள், மெல்லிய குரலில். அதற்குப் பிறகு அழுதாள். நான் பகிடி விடவில்லை. அன்று முழுவதும் நான் செய்த ஒரே புத்தியான காரியம்.

சார்ஜன் கடையிலிருந்து பேசியது எங்களுக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. முதலில் அவர் பேசினார். பிறகு கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். அந்தத் துறைமுகக் குரலை நான் அறிவேன். என் உயிர் திரும்பி வந்தது.

வந்து, படம் கீறிய பக்கத்தை மட்டும் கிழித்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, கொப்பியைத் தந்தார். "நோயாளியை ஒரு மணித்தியாலம் ஏன் இருத்தி வைத்திருக்கிறாய் என்று மிஸ் எனக்கு ஏசினாள்" என்றார். சிரிக்கவில்லை. "போ. இனி எழுதுவதை வீட்டுக்குள்ளே வைத்து எழுது."

மறுநாள் வெள்ளிக்கிழமை வார்ட்டு நடைபாதையில் அவளுக்கு முன்னால் நடந்தேன். ஏழாவது நிமிடம் கால் பின்னியது. குழாயை நினைத்தேன், துவக்கை நினைத்தேன், நடந்தேன். பத்து. பிறகு எக்ஸ்ரே. யன்னல் வெளிச்சத்தில் அவள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், சென்றியில் இருந்த நேரத்தைவிட நீளம்.

"அடி விரிஞ்சிருக்குது" என்றாள். "ஒழுங்கா இருமியிருக்கிறீங்க."

எப்படி இருமினேன் என்று கை கால் ஆட்டி முழுக் கதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொப்பியைப் புரட்டினாள்.

"இதுல ஒரு பக்கம் இல்லையே."

"அது இப்ப ஆமியிட்டை இருக்கு, மகள். மீசை நல்லா வந்திருந்தது." தொண்டையைச் செருமிக்கொண்டேன். "அப்ப குழாய் இல்லைத்தானே? இனி நான் ஹோலுக்கையே நடக்கலாந்தானே?"

அவள் கொப்பியில் ஏதோ எழுதினாள். தலையை நிமிர்த்தவில்லை.

"நாளையில இருந்து இருபது நிமிஷம், அங்கிள்."